அட்டையில் ஒரு முழங்கை

மருதங்குறிச்சியில் போட்டோக்கள் சத்தம் போட ஆரம்பித்த வருடத்தில் மழை வழக்கம்போல் தாமதமாக வந்தது, வாழைக்காய் விலை வழக்கம்போல் விழுந்தது, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இசைக் கல்லூரியின் ஆண்டு மலர் வழக்கம்போல் அட்டைப்படம் முடிவாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவர்கள் இசைக் கல்லூரிப் பிள்ளைகள் என்பதால் யாரும் அலறவில்லை, யாரும் திருநீறு தேடி ஓடவில்லை. எந்தச் சத்தம் காதில் விழுந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் அது எத்தனை கட்டை சுருதி என்று பார்க்கிற பிறவிகள் அவர்கள்.

"அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் கீழ" என்றான் சவரிராஜ். அவன் மிருதங்க மாணவன். சொந்தமாகக் கேமரா வைத்திருந்த பாவத்துக்கு மலருக்குப் படம் எடுக்கிற வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது.

"செவிட்டுப் பயலே, சரியா அஞ்சு" என்றாள் ஆவுடைச்செல்வி. அவள் வயலின் மாணவி, மலரின் படப் பொறுப்பாளர். இப்படிக் கொஞ்ச நேரம் சண்டை போட்ட பிறகுதான், அறையில் தம்புராவே இல்லை என்பதும், பாயில் பரப்பி வைத்திருந்த போட்டோக்களில் தம்புரா மீட்டுகிற பெண்ணின் படம்தான் அப்படி ரீங்கரிக்கிறது என்பதும் இருவருக்கும் உறைத்தது. சவரிராஜ் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஒன்றுமில்லை, மறுபடி பாயில் வைத்தான். சுருதி சுத்தமாக இருந்ததால் அதற்கு மேல் அவர்களுக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

மலருக்கு 'ஒத்து' என்று பெயர். நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒத்துக்குழலை நினைத்து எந்தக் காலத்திலோ வைத்த பெயர், ஊர்க்காரர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "என்ன பிள்ளைகளா, இந்த வருசம் யாருக்கு ஒத்து ஊதப்போறிய?" என்று கேலி பேசுவார்கள். அந்த வருடம் அதைக் கேட்கவே அவசியம் இருக்கவில்லை. அட்டையில் நளினகாந்தி வருவாள் என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது.

நளினகாந்தி வாய்ப்பாட்டு மாணவி. பாட்டு வாத்தியாரான அப்பா பெற்ற பிள்ளைக்கு ராகத்தின் பெயரையே வைத்துவிட்டார், ஆவுடைக்கோ குலசாமியின் பெயர். பொறாமை அங்கேயே, வருகைப்பதிவு வாசிக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அது வளர்ந்தது. நளினி மேடையில் ஏறினால் முன்வரிசை நிமிர்ந்து உட்காருவதும், நளினி சீப்பு மறந்து வந்து ஆவுடையின் சீப்பையே வாங்கிச் சீவினாலும் அவள் தலை மட்டும் நன்றாகப் படிவதும், இத்தனைக்கும் அவள் கெட்டவளாக இல்லாமல் இருந்து தொலைப்பதும் ஆவுடைக்குத் தாங்கவில்லை. அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் படங்களால்தான். நளினி பாடுகிற கச்சேரிகளுக்கெல்லாம் ஆவுடைதான் வயலின், பாடகிக்கு இடப்பக்கம். படம் எடுப்பவர்கள் பாடகியை நடுவில் வைத்து எடுப்பார்கள், அச்சடிப்பவர்கள் இடம் பற்றாமல் ஓரத்தை வெட்டுவார்கள், வெட்டியது போக மிஞ்சுவது வில் பிடித்த ஒரு வலது முழங்கை. கல்லூரி நாட்காட்டியில் முழங்கை, கோயில் விழா நோட்டீஸில் முழங்கை, ஒருமுறை செய்தித்தாளிலேயே வந்தது, அதிலும் முழங்கை. வீட்டில் பீடி சுற்றுகிற அம்மா அந்தச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பாத்தியளா, இந்த முழங்கை எம் மவளுது" என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடை படப் பொறுப்பாளர் வேலையை வலியக் கேட்டு வாங்கியது இதனால்தான். ஒரே ஒரு தடவை, ஊர் வீடுகளுக்கெல்லாம் போகிற ஒரு தாளில், தன் முகம் முழுசாக இருக்க வேண்டும்.

அதற்காகக் கல்லூரியை ஒட்டிய ஆற்றங்கரை மருதமரத்தடியில், நீலத் தாவணியும் கனகாம்பரமுமாக, வயலினை மடியில் சாய்த்துக்கொண்டு சவரிராஜை ஒரு படம் எடுக்க வைத்திருந்தாள். பிரிண்டுகள் வந்த அன்று அதைப் பாயின் நடுவில் வைத்தாள். நளினியின் படங்களைச் சுற்றி ஓரமாக அடுக்கினாள். அவற்றில் ஒன்று இருந்தது: ஆண்டுவிழாக் கச்சேரியில் எடுத்தது, நளினி பாடி நிறுத்தியிருக்கிறாள், பாதி உயர்ந்த கை அப்படியே நிற்கிறது, கண் மட்டும் பக்கவாட்டில் போயிருக்கிறது, முகம் விளக்கு ஏற்றிய மாதிரி இருக்கிறது. இதைப் பார்த்தால் வேறெதையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஆவுடைக்குத் தெரிந்தது. சவரிராஜ் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அதை எடுத்து வயலின் பெட்டிக்குள், வெல்வெட் துணிக்கு அடியில் சொருகினாள்.

தம்புரா ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மறுநாளுக்குள் பாயில் கிடந்த எல்லாப் படங்களும் வாய் திறந்துவிட்டன.

முதலில் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். படத்தில் இருப்பவர் போடுகிற சத்தம்தான் படத்திலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். அப்படியானால் குத்துவிளக்கு ஏற்றுகிற முதல்வர் பலவேசம் சாரின் படத்தில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் ஏன் வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. பலவேசம் சார் நாகசுரக்காரர், பொய் சொல்ல வராதவர். படத்தைக் காதருகே பிடித்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வடைதாம்யா" என்றார். "அன்னைக்குக் கேண்டீன்ல உளுந்தவடை. வரவேற்புரை முடியுற பாடாத் தெரியல. கையில தீபம் இருந்துச்சே தவிர காது பூரா அங்கதான் இருந்துச்சு."

அப்படித்தான் விஷயம் பிடிபட்டது. படம் எடுத்த நொடியில் அந்த மனிதர் எதைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாரோ, அதைத்தான் படம் சொன்னது, அதுவும் அவர் கேட்ட விதமாகவே சொன்னது. செல்போனில் கிடக்கும்வரை படங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தன. காகிதத்தில் ஏறிவிட்டால் பேசின.

சங்கதி பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போனது, ஊரும் அதைப் புதுப் பேருந்து நேரத்தைப் பழகிக்கொள்வதுபோல் பழகிக்கொண்டது. பாஸ்போர்ட் சைஸ் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே குரல்தான் கேட்டது, பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தவரின் குரல், "தாடையத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம், மூச்ச விடாதிய" என்று. வங்கியில் கூட்டம் சேர்ந்தால் அத்தனை பாஸ்புக்கும் ஒன்றாகத் தாடையைத் தூக்கச் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் தங்களை அறியாமல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கல்யாண ஆல்பங்களைப் பெண்கள் பழைய சேலையில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்தார்கள், ஏனென்றால் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது மேளமா, பக்கத்து வீட்டு டிவியில் ஓடிய கிரிக்கெட்டா என்பது பத்து வருடம் கழித்துத் தெரிந்து யாருக்கும் புண்ணியமில்லை. மாலை போட்ட படங்களில் செத்துப்போனவர்கள் கேட்ட குழந்தை அழுகையும் பம்புசெட்டும் கடைசிப் பேருந்தின் ஹாரனும் கேட்டன, வீட்டில் உள்ளவர்கள் கொஞ்சம் அழுதார்கள், பிறகு அதோடேயே சமைத்தார்கள். ஆவுடை வீட்டுச் சுவரில் இருந்த செய்தித்தாளில் மைக் செட்டின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது, நளினியின் காது அந்த நொடியில் அதில் இருந்திருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளை போட்டோவைக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதில் வைத்துப் பார்த்தார்கள். தேர்தலில் நின்ற ஒருவரின் சுவரொட்டியில் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை, எத்தனை பேர் காதை ஒட்டிப் பார்த்தும் ஒன்றுமே இல்லை, ஊர் அதற்கும் ஆச்சரியப்படவில்லை.

இனிமேல் அட்டைப்படத்தைக் கண்ணால் தேர்ந்தெடுத்து லாபமில்லை, வாங்குகிற வீட்டில் அது கிடந்து சத்தம் போடும், ஆகையால் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பலவேசம் சார் சொன்னார். ஒரு காலை, ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, எல்லோரும் பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நளினியின் படங்கள் சப்பென்று இருந்தன. ஒன்றில் வெறும் தம்புரா, ஒன்றில் மின்விசிறி, ஒன்றில் யாரோ சேலைப்பின் கேட்கிற சத்தம். ஆவுடைக்கு உள்ளுக்குள் சர்க்கரை கரைந்தது. கடைசியாக அவள் தன் படத்தை, நீலத் தாவணிப் படத்தை, நடுவில் நகர்த்தினாள்.

அதிலிருந்து தோடி ராகத்தின் காந்தாரம் ஒன்று வந்தது. ஒரே ஒரு சுரம், கொஞ்சம் ஏறிப்போன காந்தாரம். நின்றது. மறுபடி வந்தது, அதே இடத்தில் அதே அளவு பிசகி. பிறகு மறுபடி.

எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. அது நளினியின் குரல். படம் எடுத்த காலையில் அவள் கல்லூரி மாடியில் சாதகம் செய்துகொண்டிருந்திருக்கிறாள், ராகம் முழுக்கப் பாடியிருக்கிறாள், அதில் ஒரு இடத்தில் சறுக்கியிருக்கிறாள். கீழே மரத்தடியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அத்தனை தோடியையும் விட்டுவிட்டு அந்தச் சறுக்கலை மட்டும் காதில் வாங்கி வைத்திருக்கிறாள். சவரிராஜ் தாங்காமல், "மூடி வைட்டி அத" என்றான்.

"இத அட்டையில போட்டா வீட்டுக்கு வீடு இந்தப் பிசிறுல்லா கேக்கும்" என்றார் பலவேசம் சார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "வேற பாப்போம், என்ன?"

ஆவுடை வீட்டுக்கு வந்து வயலின் பெட்டியை மூலையில் வைத்தாள், தொடவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. தான் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட ஒரே படத்திலும் நளினியே வந்து உட்கார்ந்துகொண்டாளே என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சல் என்று கல்லூரிக்குச் சொல்லிவிட்டாள்.

அம்மாதான் ஒரு மத்தியானம் பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "பெட்டிக்குள்ள என்னத்தட்டி அடச்சு வச்சிருக்க? நாலு நாளா மொனங்கிக்கிட்டு கெடக்கு."

இத்தனை நாள் வயலினை எடுக்கும்போதெல்லாம் அந்த முனகலைக் காதில் வாங்காததுபோல் இருந்த ஆவுடை, அம்மா தண்ணீருக்குப் போகும்வரை காத்திருந்து பெட்டியைத் திறந்தாள், வெல்வெட்டைத் தூக்கினாள். ஒளித்து வைத்த படம் அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தது.

தோடிதான். பாடகி ஒரு சங்கதியைப் பாடி நிறுத்திய பிறகு வயலின் அதை வாங்கித் திருப்பிச் சொல்கிற இடம். அவளுடைய வில்தான், அவளுடைய விரல்தான், ஆண்டுவிழாவில் அந்த இடத்தை வாசித்தது அவளுக்கே ஞாபகம் இருந்தது; ஆனால் இப்படி வாசித்ததாக ஞாபகம் இல்லை. பஞ்சமத்திலிருந்து இறங்கும்போது நடுவில் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது, அதற்காக வகுப்பில் திட்டு வாங்கி வாங்கி, அதைத் தன் விரலின் சோம்பல் என்றே அவள் நினைத்திருந்தாள். இங்கே அது ஒருத்தி சொல்ல வந்ததைச் சொல்லலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. ஆவுடைக்குக் கண் நிறைந்துவிட்டது. நளினி பக்கவாட்டில் பார்த்தது தன்னைத்தான் என்பதும், விளக்கு ஏற்றிய முகம் தன்னைக் கேட்ட முகம்தான் என்பதும் மெதுவாகப் புரிந்தது.

புரிந்ததும் அவள் செய்த முதல் காரியம் நளினியின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்ததுதான். வயலின் நின்றுவிட்டது. படத்தின் வலது ஓரத்தில் இருந்த முழங்கை தனியாக எதுவும் சொல்லவில்லை. விரலை எடுத்தாள், வயலின் வந்தது. மறைத்தாள், போனது. அம்மா குடத்தோடு வருகிறவரை இதையே செய்துகொண்டிருந்தாள். நளினியின் முகத்தை ஊர் முழுக்க அனுப்பினால்தான் தன் வயலினை ஊர் கேட்கும், முகத்தை ஒளித்தால் அதோடு தானும் பெட்டிக்குள் கிடந்து முனங்க வேண்டியதுதான். இப்படி ஒரு இக்கட்டில் மாட்டிவிட்டதற்கும் அவளுக்கு நளினி மேல்தான் கோபம் வந்தது.

மறுநாள் படத்தைக் கொண்டுபோய்ப் பாயில் வைத்தாள். அது வாசித்து முடிக்கும்வரை பலவேசம் சார் அசையவில்லை. "எங்கட்டி இருந்துச்சு இது?" என்றார் பிறகு.

"பெட்டிக்குள்ள, சார்."

யாருடைய பெட்டி என்று அவர் கேட்கவில்லை. சவரிராஜ் மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தான், பிறகு பென்சிலை எடுத்து அட்டையின் அளவுக்குப் படத்தில் கோடு போட்டான். கோடு முழங்கைக்கு முன்னால் வந்து நின்றது. "வெட்டிரவா, இருக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டான்.

"இருக்கட்டும்" என்றாள்.

அச்சகத்தில் அட்டைகள் ஒவ்வொன்றாக விழ விழ ஒவ்வொன்றும் வாசிக்க ஆரம்பித்தது, கட்டுக்கட்டாக அடுக்கியபோது ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்கு வயலின்கள் ஒன்றாக வாசித்தன, மடிக்கிற பெண்கள் அதற்கேற்ற காலப்பிரமாணத்தில் மடித்து வேலையைச் சீக்கிரம் முடித்தார்கள். மலர் ஊருக்குள் போனது. டீக்கடையில் தொங்கியது, மருந்துக்கடையில் கிடந்தது, சாயங்காலத் தெருவில் வீட்டுக்கு வீடு தோடி கேட்டது. ஆவுடை தெருவழியே மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக நடந்து போனாள், யாராவது என்னவாவது சொல்லட்டும் என்று.

சொன்னார்கள். "அடேயப்பா, அந்தப் பாட்டு வாத்தியார் மவ நளினிக்கு என்னா காதுய்யா!" என்றார் டீக்கடையில் ஒருவர். "பாடுறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான். இப்படிக் கேக்கதுக்கு யாரு இருக்கா?"

கேட்டதற்கும் அவளுக்கே பேர்! ஆவுடைக்கு நடுத்தெருவில் உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது. நேராக நளினியின் வீட்டுக்குப் போனாள். நளினி முற்றத்தில் ஈரத்தலையோடு, வழக்கம்போல் சீப்பைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் இன்னும் சரியாகப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

"ஏட்டி, நான் என்னைக்கு அப்படி வாசிச்சேன்?" என்றாள் ஆவுடை, சண்டைக்கு வந்த குரலில்.

"எப்படி?"

"அட்டையில கேக்க மாதிரி."

நளினி தேடுவதை நிறுத்தினாள். "நீ எப்பவும் அப்படித்தான வாசிக்க" என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல். "அதக் கேட்டுத்தாம்ட்டி நான் அடுத்த சங்கதியே எடுக்கது. இல்லன்னா எனக்கு என்ன தெரியும்? ஆமா, சீப்பு வச்சிருக்கியா?"

ஆவுடை பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அதற்குள் அட்டையைச் சுவரில், பழைய முழங்கைக்குப் பக்கத்தில் புது முழங்கையாக ஒட்டியிருந்தாள். பீடி இலையை வெட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கை உன்னுதுதான், எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா வாசிக்கது யாருட்டி? என்னமா வாசிக்கா! நீயும் ஒரு நாளைக்கு இந்த மாதிரி வாசிக்கணும் தாயீ."

நான்தாம்மா அது என்று சொல்ல வாயெடுத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். தினமும் தன் வீட்டில் தன் விரல் வாசிப்பதைக் கேட்கிற அம்மாவுக்கே அடையாளம் தெரியாத ஒருத்தி நளினியின் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு இத்தனை காலம் வாசித்திருக்கிறாள். அந்தத் தயக்கத்தை அத்தனை அழகாக, அத்தனை சாவகாசமாகத் தயங்குகிறாள். ஆவுடைக்கு அந்த ஒருத்திமேல் பொறாமை வந்தது. நளினியின் பெயர்மேல், நளினியின் தலைமுடிமேல், முன்வரிசை நிமிர்வதன்மேல் வந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு, அடிவயிற்றிலிருந்து வந்தது.

உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள், வில்லை முறுக்கினாள், வயலினோடு திரும்பி வந்து சுவருக்கு நேர் எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்தாள். அட்டை பஞ்சமத்திலிருந்து இறங்கியது. அவளும் இறங்கினாள். கொஞ்சம் முந்திவிட்டாள். மறுபடி இறங்கினாள், இந்தத் தடவை பிந்திவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

அடுக்களைக்குள் போயிருந்த அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ரெண்டு வயலின் கேக்கே? யாருட்டி வந்திருக்கா?"

"ஒருத்தி வந்திருக்காம்மா" என்றாள் ஆவுடை. "என்னவிட நல்லா வாசிக்கவ."

"அப்ப எதுக்குட்டி அவகூட மல்லுக்கட்டுத? அவள மொதல்ல வாசிக்க விடு. நீ பக்கத்துல இருந்து வாசி."

ஆவுடை எழுந்து, பாயை இழுத்து, சுவரில் இருந்தவளுக்கு இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். அட்டை தன் சங்கதியை முழுசாக வாசித்து நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் அவள் வில்லைப் போட்டாள்.